காந்தள் என்னும் கண்வலிக்கிழங்கு: அதன் இனமும் சாகுபடியும்

வேலியோரங்களிலும் காட்டுப் புதர்களிலும் மழைக்காலத் தொடக்கத்தில் தானாக முளைத்து, ஐப்பசி கார்த்திகை மாதங்களில் தீக்கொழுந்து போன்ற மலர்களைத் தாங்கி நிற்கும் கொடியொன்றை நம் குடியானவர்கள் யாவரும் அறிவர். கொங்கு நாட்டில் இதனைக் கண்வலிக்கிழங்கு என்பர். பூவை உற்று நோக்கினால் கண்ணில் வலி உண்டாகும் என்ற நம்பிக்கையால் வந்த பெயர் அது. கிழங்கு கலப்பை போல் வளைந்திருத்தலால் வைத்தியர்கள் கலப்பைக்கிழங்கு என்பர். வடமொழியில் லாங்கலி என்பதும் இதே பொருளையுடையது. யாழ்ப்பாணத்தார் கார்த்திகைப்பூ என்பர். புலவர்கள் காந்தள் என்றும் செங்காந்தள் என்றும் பாடினர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர் வரிசையில் முதலில் நிற்பது இச்செங்காந்தளே. நம் மாநிலத்தின் மலராக இதனை அரசாங்கத்தார் கொண்டிருப்பதும் யாவரும் அறிந்ததாம்.

முன்னாளில் களையென்று பிடுங்கி எறியப்பட்ட இக்கொடி, இன்று மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி ஆகிய பக்கங்களிலும், வேதாரணியத்தை அடுத்த மணற்பாங்கான நிலங்களிலும், அரியலூர் ஜில்லாவிலும் விதைக்காகப் பயிர் செய்யப்பட்டு வருகிறது. நல்ல விலை விற்ற வருஷத்தில் ஓர் ஏக்கர் வைத்திருந்தவன் கடன் தீர்ந்தான் என்ற செய்தி கேட்டு, மறுவருஷம் பத்துப் பேர் விதைக்கிழங்கு தேடி அலைகின்றனர். அவ்வாறு புதிதாக இறங்குவோரில் பலர் முதல் வருஷத்திலேயே கைப்பொருளை இழப்பதையும் யான் கண்டிருக்கிறேன். மண் பொய்த்ததும் மழை பொய்த்ததும் மட்டும் அதற்குக் காரணமல்ல. இச்செடியின் உடலமைப்பை அறியாமையே பெரும்பான்மையும் காரணம். ஆதலின் சாகுபடி முறையைக் கூறுமுன் இதன் இனத்தையும் அமைப்பையும் சிறிது விரித்துக் கூறுதல் அவசியமாகிறது.

இனமும் அதன் பரப்பும்

தாவர நூலார் இந்த இனத்துக்கு வழங்கும் பெயர் குளோரியோசா என்பது. 1753-ஆம் வருஷத்தில் லின்னேயஸ் என்னும் சுவீடன் தேசத்து அறிஞர் இப்பெயரை இட்டார். அதற்கு முன் வழங்கிய மெத்தோனிகா என்னும் பெயர், மலையாளத்தார் இதற்கு இட்ட மேந்தோன்னி என்ற சொல்லிலிருந்து பிறந்ததாகும். முன்னர் இதனை லில்லிக் குடும்பத்தில் சேர்த்து எழுதினர். இப்பொழுது கோல்ச்சிகேசி என்ற தனிக் குடும்பத்தில் வைக்கின்றனர். ஐரோப்பாவின் கோல்ச்சிகம் என்னும் செடியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இவ்விரண்டிலும் ஒரே நஞ்சு இருப்பது இவ்வுறவுக்குச் சான்றாகும்.

இனம் சிறியது. அதில் அடங்கிய ஜாதிகள் சுமார் பத்துப் பன்னிரண்டே. அவற்றுள் பெரும்பாலானவை ஆப்பிரிக்காக் கண்டத்துக்கு உரியவை. குளோரியோசா சுபர்பா என்னும் ஒரு ஜாதி மட்டும் ஆப்பிரிக்காவின் உஷ்ணப் பிரதேசங்களிலும், இந்தியாவிலும், இலங்கையிலும், தென்கிழக்காசியாவிலும் பரவியுள்ளது. நம் காந்தள் இதுவே. ஜிம்பாப்வே நாட்டுக்கும் இதுவே தேசிய மலர்.

தோட்டங்களில் வளர்க்கப்படும் வகைகள் பல. ரோத்ஸ்சைல்டியானா என்பது ஆப்பிரிக்காவிலிருந்து சென்றது. இதழ் அகன்று, ஓரத்து நெளிவு குறைந்து, ஆழ்ந்த சிவப்பில் மஞ்சட் கரை பெற்றிருக்கும். லூட்டியா என்பது முழுமஞ்சள். கார்சோனி என்பது கருஞ்சிவப்பு நிறமும் மஞ்சள் ஓரமும் உடையது. இவற்றை முன்பு தனித்தனி ஜாதிகளாக எழுதினர். இப்பொழுது தாவர நூலாரிற் பலர் இவையனைத்தும் சுபர்பா என்னும் ஒரே ஜாதியின் பேதங்களே என்பர். மேனாடுகளில் கண்ணாடி வீடுகளிலும், ஜப்பானில் கோச்சிப் பகுதியிலும் இவற்றை வெட்டுமலருக்காக வளர்க்கின்றனர். அழகிய இவ்வகைகளைக் கண்டு நம் குடியானவர்கள் மயங்க வேண்டுவதில்லை. நம்மிடம் வியாபாரிகள் கேட்பது விதை. விதைக்கு ஏற்றவை நம் நாட்டு மண்ணில் பழகிய செங்காந்தட் கிழங்குகளே.

செடியின் அமைப்பில் அறியவேண்டிய இரண்டு

இச்செடியில் கிழங்கும் மலரும் ஆகிய இரண்டின் அமைப்பையும் நன்கு அறிந்தவனுக்கே இப்பயிர் பலன் தரும்.

முதலாவது, கிழங்கு. இது இரண்டு விரல்களை விரித்தாற்போலக் கவைத்து இருக்கும். ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரே ஒரு முளை உண்டு. உருளைக்கிழங்கைப் போலப் பல கண்கள் இதற்கு இல்லை. நுனி ஒடிந்தால் அக்கவை முளைக்காது. கிழங்கு பருத்துத் திரண்டு வெண்மையாய் அழுகலின்றி இருப்பினும் மண்ணுக்குள் சும்மா கிடக்கும். இரண்டு கவைகளும் சேருமிடத்தில் வெட்டிப் பிரித்தால் ஒரு கிழங்கு இரண்டு செடியாகும். அதற்கு மேல் துண்டுபடுத்தினால் ஒன்றும் ஆகாது. வருஷந்தோறும் செடி வளர வளரப் பழங்கிழங்கு தன் சத்தையெல்லாம் கொடுத்துச் சுருங்கிவிட, அதன் அருகே புதுக்கிழங்கு கவைவிட்டு உருவாகும்.

இரண்டாவது, மலர். இதற்கு இதழ் ஆறு. மகரந்தத் தாள்களும் ஆறு. மலர் தலைகீழாகத் தொங்க, இதழ்கள் மட்டும் பின்னோக்கி மடிந்து மேலே எழும். முதலில் பசுமை, பின்பு மஞ்சள், பின்பு நுனியிலிருந்து சிவப்பு, முடிவில் முழுச்சிவப்பு என நாள்தோறும் நிறம் மாறும். இம்மலரில் சூல்தண்டானது அடியிலேயே மடங்கி, கைகாட்டி மரம் போல ஒரு பக்கமாக நீண்டுவிடுகிறது. மகரந்தப் பைகள் ஒருபுறமும் சூல்முடி மற்றொரு புறமுமாக விலகி நிற்றலால், தன் மகரந்தம் தன்மேல் விழுதல் அரிது. காட்டில் தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் ஒரு மலரிலிருந்து மற்றொரு மலருக்கு மகரந்தத்தைக் கொண்டு செல்கின்றன. ஆயின் ஏக்கர் கணக்கில் ஆயிரக்கணக்கான மலர்கள் ஒருங்கே விரியும் தோட்டத்தில் அச்சிறு உயிர்களை நம்பியிருந்தால், பூக்களைக் கண்டு மகிழலாமேயன்றிக் காய்களைக் காண்பதற்கில்லை.

மண்ணும் பருவமும்

நீர் தேங்காத செம்மண்ணும், மணல் கலந்த செவ்வண்டல் மண்ணும் இதற்கு ஏற்றவை. கார அமில நிலை 6 முதல் 7 வரை இருத்தல் நலம். கடல்மட்டத்துக்கு மேல் 600 மீட்டர் உயரம் வரை நன்றாக வரும். கரிசல் நிலத்தில் மழைக்காலத்தில் நீர் நின்றால் கிழங்கு அழுகிப்போகும். அத்தகைய நிலமுடையோர் இதில் இறங்காதிருத்தலே இலாபம். ஆனி ஆடி மாதங்கள் நடவுக்கு உரியவை. அப்பொழுது நட்டால் புரட்டாசி முதல் பூத்து, தை மாசியில் காய் முற்றும்.

விதைக்கிழங்கு

இப்பயிரின் முதற்செலவிற் பெரும்பகுதி கிழங்குக்கே போகும். விதையிலிருந்தும் செடி உண்டாக்கலாம். ஆனால் அது பூக்க மூன்று நான்கு வருஷமாகும். ஆதலால் 50 முதல் 60 கிராம் நிறையுள்ள கிழங்குகளையே நடுகின்றனர். சிறு கிழங்குகள் முதல் வருஷத்தில் பூப்பது குறைவு.

இங்கு யான் செய்த பிழையொன்றைச் சொல்லுதல் கடமையாகும். இவ்வேலையில் அமர்ந்த ஆரம்பத்தில், ஒரு சிறு மிராசுதாரரின் அரை ஏக்கரில் இப்பயிரை விளக்கமாக வைக்க ஏற்பாடு செய்தேன். கிழங்குகள் சாக்கு மூட்டைகளில் வண்டியேறி வந்தன. ஆட்கள் மூட்டைகளை மேலிருந்து கீழே போட்டனர். உருளைக்கிழங்கு மூட்டையை இறக்குவதைப் பார்ப்பது போல் யானும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மாதம் கழிந்தது. வரிசைகளில் அங்குமிங்கும் வெற்றிடம். அவர் என்னைக் கூட்டிச் சென்று, ஒரு வெற்றிடத்தைக் கையால் தோண்டிக் கிழங்கை எடுத்துக் காட்டி, "கிழங்கு கெடவில்லையே, ஐயா, முளைக்காமற்போன காரணம் என்ன?" என்று கேட்டார். கிழங்கு உண்மையில் கெடவில்லை. நுனி மாத்திரம் ஒரு மயிரிழை அளவு ஒடிந்திருந்தது. நூலில் படித்திருந்தும் மூட்டை இறக்கும் நேரத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை. அவருடைய பணத்தில் யான் கற்ற பாடம் அது. அன்றுமுதல், கிழங்கு வந்திறங்கும் நாளில் யான் நேரில் நின்று, கூடையில் வைக்கோல் பரப்பி முட்டையைப் போல் அடுக்கச் செய்து வருகிறேன்.

கணக்கையும் பார்ப்போம். வரிசைக்கு வரிசை 6 அடியும், கிழங்குக்குக் கிழங்கு 1 அடியும் விட்டால் ஓர் ஏக்கருக்கு 7260 கிழங்குகள் வேண்டும். கிழங்கொன்று 50 கிராமானால் 363 கிலோ. 60 கிராமானால் ஏறக்குறைய 436 கிலோ. ஐந்தில் ஒரு கிழங்கு நுனியொடிந்தால் 1452 வெற்றிடங்கள் தோன்றும். அவற்றின் விலையும், அவ்விடத்துக்கு இட்ட எருவும், பாய்ச்சிய நீரும், நட்ட கம்பும் வீண். வாங்கும்போதே ஒவ்வொரு கிழங்கின் நுனியையும் பார்த்து வாங்குவது தொல்லையாகத் தோன்றினும், தொல்லைக்குரிய கூலி அதில் கிடைக்கிறது.

வாங்கிய கிழங்குகளை நடுமுன் டிரைக்கோடெர்மா விரிடி முதலிய நன்மை செய்யும் பூசணக் கரைசலிலேனும், வேளாண்மைத் துறையார் சொல்லும் பூசணக்கொல்லி மருந்திலேனும் நனைத்து நிழலில் உலர்த்துதல் அழுகல் நோயைத் தடுக்கும். கையுறை அணிந்தே இவ்வேலையைச் செய்யவேண்டும். கிழங்கின் பால் தோலில் பட்டால் எரிச்சல் உண்டாகலாம்.

நடவும் எருவும் நீரும்

நிலத்தை இரண்டு மூன்று சால் ஆழ உழுது, ஏக்கருக்கு 4 டன் மக்கிய தொழுவுரம் பரப்பி மீண்டும் உழவேண்டும். பின்பு சால் பிடித்து, 4 முதல் 6 அங்குல ஆழத்தில் கிழங்கைப் படுக்கை வாட்டில் வைத்து, நுனியில் கட்டி விழாதவாறு பொடிமண்ணால் மூடவேண்டும். ஏக்கருக்குத் தழைச்சத்து 48 கிலோ, மணிச்சத்து 20 கிலோ, சாம்பல்சத்து 30 கிலோ என்ற அளவில் இடலாம். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் முழுவதையும், தழைச்சத்தில் பாதியையும் அடியுரமாக இட்டு, எஞ்சிய தழைச்சத்தை நட்ட முதல் மாதத்திலும் இரண்டாம் மாதத்திலும் சமமாகப் பிரித்து இடுக.

நட்டவுடன் ஒரு நீர் விட்டு, பின்பு மண்ணின் ஈரத்தைப் பார்த்து ஐந்து நாளுக்கொரு முறை விடலாம். மழை பெய்யுங்கால் நீர் விடுதல் கூடாது. வடிகாலைத் திறந்து வைத்தலே அப்போதைய வேலை. சொட்டு நீர் வைத்துள்ளோர்க்கு நீரும் களையும் குறையும். கிழங்கு அழுகலும் குறையும்.

முளை மண்ணுக்கு மேல் தலைகாட்டும் நாட்களே மிகவும் எச்சரிக்கைக்கு உரியவை. களைக்கொட்டின் ஒரு வீச்சில் குருத்து ஒடிந்தால், அச்செடி அவ்வருஷத்துக்கு எழும்புவது அரிது. ஆகையால் முதற்களையை முளைகளின் அருகே கையாலேயே பிடுங்கவேண்டும். வரிசையைக் காட்டச் சிறு குச்சிகளை முன்னரே நட்டுவைத்தல் நல்ல வழக்கம்.

கொடிக்குப் பற்றுக்கோடு

காந்தளின் இலைநுனியே சுருண்டு பற்றுக்கம்பியாக வேலை செய்யும். இரும்புக்கம்பியானாலும் சுள்ளியானாலும் அது பற்றிக்கொள்ளும். பருத்த மரத்தூணைப் பற்றாது. கொங்கு நாட்டார் முள்கிளுவையை வரிசையாக நட்டு உயிர்வேலியாக்கி அதன்மேல் படரவிடுகின்றனர். விராலிச் சுள்ளிகளையும் பயன்படுத்துகின்றனர். பணமுள்ளோர் கல்தூண் நட்டுக் கம்பி இழுக்கின்றனர். இப்பயிர் ஒரே நடவில் ஐந்து வருஷம் வரை நிலத்தில் இருந்து பலன் தரக்கூடியதாதலால், உயிர்வேலி முதற்செலவைக் குறைக்கும். அது கொடிக்கு நிழல் தரும் அளவுக்கு அடர்ந்துவிடாமல் ஆண்டுதோறும் கவாத்து செய்தல் வேண்டும்.

மகரந்தம் சேர்த்தல்

சூல்தண்டு விலகி நிற்பதை மேலே கூறினோம். ஆதலால் மனிதக் கையே வண்டின் வேலையைச் செய்யவேண்டும். இவ்வேலைக்கு ஏற்ற நேரம் காலை 8 மணி முதல் 11 மணி வரை. மகரந்தப் பை வெடித்து மஞ்சட்பொடி வெளிப்பட்டிருக்கும் மலரை ஒரு கொடியிலிருந்து பறித்து, அதன் பொடி வேறொரு கொடியின் மலரில் ஒருபுறமாக நீண்டிருக்கும் சூல்தண்டின் மூன்று கிளைப்பட்ட நுனியில் ஒட்டுமாறு மெதுவாகத் தொடவேண்டும். மெல்லிய தூரிகையாலோ, குச்சியில் சுற்றிய பஞ்சாலோ தொடுவதும் உண்டு. அழுத்தித் தேய்த்தால் சூல்முடி கெடும்.

எந்த மலரைத் தொடுவது என்பதை நிறமே அறிவிக்கும். அடிப்பாதி மஞ்சளாகவும் நுனிப்பாதி சிவப்பாகவும் உள்ள இளமலரே ஏற்றது. முழுதும் சிவந்த மலர் பழையது. அதில் செலவிடும் நேரம் வீண். மழைநாளில் பொடி நனைந்து ஒட்டாது. வெயில் தெளிந்தபின் செய்க.

இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். அவர்கள் விரலின் நிதானத்திலேயே காய் பிடிப்பு இருக்கிறது. ஒரு தோட்டத்தில் உரமும் நீரும் தாராளமாய் விட்டு, கூலி மிச்சம் பிடிக்கவேண்டி ஒருநாள் விட்டு ஒருநாள் ஆள் வைத்தவர் ஒருவரை யான் அறிவேன். கொடிகள் வேலியையே மறைக்கும் அளவுக்குத் தழைத்திருந்தன. காய்களோ எண்ணிவிடக்கூடியவையாய் இருந்தன. அடுத்த வேலியில் இளைத்த கொடிகளில் குலை குலையாகக் காய் தொங்கியது. அங்கே அந்த வீட்டுப் பெண்கள் நாள்தோறும் காலையில் மலர்களைத் தொட்டு வந்தனர். எருவில் காட்டும் தாராளத்தை இக்கூலியில் காட்டுவோரே விதையைக் காண்பர்.

பூச்சியும் நோயும்

கருநிறத்தில் வெள்ளையும் சிவப்பும் புள்ளியிட்ட புழுவொன்று கூட்டமாக வந்து இலையையும் மொட்டையும் தின்னும். இதற்குப் பாலிடெலா குளோரியோசே என்று பெயர்; காந்தளின் பெயரையே தன் பெயரிற் கொண்ட பகை. முதலில் இரண்டொரு கொடிகளில் தோன்றும்போதே கையால் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த நீரில் இட்டு அழித்தால் மருந்துச் செலவு மிகாது. பூக்கும் காலத்தில் விஷமருந்து தெளித்தல் தேனீக்கும் தேன்சிட்டுக்கும் கேடு. வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிக்கலாம்.

மழை மிகுந்தால் இலைக்கருகலும், நீர் தேங்கினால் கிழங்கழுகலும் தோன்றும். கருகிய இலைகளைச் சேகரித்து எரிக்கவும். அழுகிய செடியைச் சுற்றிய மண்ணோடு அகற்றி, அவ்விடத்தில் நீர் தேங்காமல் செய்யவும். ஒருமுறை அழுகல் கண்ட வயலிலிருந்து விதைக்கிழங்கு எடுத்தலாகாது.

அறுவடை

நட்ட 160 முதல் 180 நாட்களில் காய் முற்றும். இளம்பச்சைக் காய் கரும்பச்சையாகி, தோல் சுருங்கத் தொடங்குவதே அடையாளம். வெடிக்கும்வரை விட்டால் விதை மண்ணில் உதிர்ந்துபோகும். எல்லாக் காயும் ஒருங்கே முற்றாதாகையால் பலமுறை பறிக்கவேண்டும். பறித்த காய்களை நிழலில் பரப்பி உலர்த்தினால் மூன்று பிளவாக வெடிக்கும். உள்ளே செந்நிறச் சதை மூடிய உருண்டை விதைகள் இருக்கும். அவற்றைக் கையால் பிரித்து மறுபடியும் நன்றாக உலர்த்திச் சுத்தமான சாக்கில் கட்டவேண்டும். நல்ல பராமரிப்பில் சாதாரணமாய் ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ விதை எதிர்பார்க்கலாம்.

காய் எடுத்தபின் கொடி தானே காய்ந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். அப்பொழுது நீர் விடுதல் கூடாது. அடுத்த ஆனி மாதத்தில் மழை கண்டு அது தானே விழித்தெழும்.

விதையின் பயனும் விஷமும்

விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருள் உள்ளது. கிழங்கைவிட விதையில் மிகுதி. 1820-ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து அறிஞர்களான பெல்லத்தியே, கவாந்து என்னும் இருவர் கோல்ச்சிகம் செடியிலிருந்து இப்பொருளை முதன்முதற் பிரித்தெடுத்தனர். மூட்டுகளில் வீக்கமும் பெருவலியும் உண்டாக்கும் கீல்வாத வகையொன்றுக்கு இது மருந்தாகிறது. 1937-இல் பிளேக்ஸ்லி, ஏவரி என்னும் அமெரிக்க அறிஞர்கள் இதனைக் கொண்டு செடிகளின் உயிரணுக்களில் உள்ள குரோமோசோம்களை இரட்டிக்கலாம் எனக் காட்டினர். அதனால் பயிர்ப்பெருக்க நிலையங்களில் புதிய ரகங்களை உண்டாக்கவும் இது உதவுகிறது. நம் விதையிற் பெரும்பங்கு மருந்து செய்வதற்காகக் கடல் கடந்து ஐரோப்பா செல்கிறது.

மருந்தாகும் இப்பொருளே உயிரைக் கொல்லும் நஞ்சுமாகும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள அளவு மிகவும் சிறிது. கிழங்கு பார்வைக்குச் சர்க்கரைவள்ளியையும் காட்டுவள்ளியையும் ஒத்திருத்தலால், நம் நாட்டிலும் இலங்கையிலும் அறியாமல் அவித்துத் தின்று இறந்தோர் உண்டு. அவித்தாலும் நஞ்சு நீங்காது. தின்றவுடன் ஒன்றும் தெரியாது; சில மணி நேரம் கழித்து வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பின்பு அவை தணிந்து குணமானது போலத் தோன்றும் வேளையில், உள்ளுறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடும். பிழைத்தோர்க்குப் பத்துப் பதினைந்து நாளில் தலைமயிர் உதிர்தலும் உண்டு. இதற்கென்று தனி மாற்று மருந்து இல்லை. காலதாமதமின்றிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பதே பிழைக்கும் வழி. நாட்டு மருந்து கொடுத்துக் காத்திருப்பது உயிருக்கு ஆபத்து.

ஒரு நாள் மாலை விதைக்கிழங்குக் கணக்கெடுக்க ஒரு வீட்டுக்குச் சென்றேன். திண்ணையில் இரண்டு கூடைகள் அருகருகே இருந்தன. ஒன்றில் சந்தையில் வாங்கிய சர்க்கரைவள்ளி. மற்றொன்றில் மறுநாள் நடவேண்டிய காந்தட் கிழங்கு. அவ்வீட்டுச் சிறுமி ஒருத்தி விளையாட்டாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் உலைநீர் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு கூடைகளையுமே எருக்குழிக்கு அப்பால் ஆழக் குழிதோண்டிப் புதைக்கச் சொன்னேன். வீட்டுக்காரர் விதைக்கிழங்கின் விலையை நினைத்துத் தயங்கினார். அவருடைய தாயார்தான், "குழந்தையை விடவா கிழங்கு பெரிது?" என்று சொல்லித் தாமே கூடையைத் தூக்கிச் சென்றார். அன்று யான் அரைமணி நேரம் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை இன்றும் நினைக்க அஞ்சுகிறேன். விதைக்கிழங்கு வீட்டுக்குள் வருதலே கூடாது. தோட்டத்துக் கொட்டகையில் பூட்டி வைக்கப்பட வேண்டும்.

விற்பனை

நெல்லைப் போல இதற்கு அரசாங்க ஆதார விலை இல்லை. வாங்குவோர் சிலர், விற்போர் பலர். அயல்நாட்டார் தேவை ஏறினால் விலை ஏறும். சாகுபடி ஏறினால் விலை இறங்கும். ஆதலால் முதல் வருஷத்திலேயே உள்ள நிலமனைத்தையும் இதில் வைப்பது அறிவுடைமையாகாது. சோற்றுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் உரிய நிலத்தை ஒதுக்கியபின், எஞ்சியதில் ஒரு பகுதியில் தொடங்கலாம். முதல் வருஷம் 25 செண்டுக்கு மேல் வேண்டாம் என்பது எம் ஆலோசனை. விதைக்கிழங்கைக் கடனாகத் தந்து, விளைந்த விதையை அவர் சொன்ன விலைக்கே கொடுக்கவேண்டும் என்று எழுதி வாங்குவோரிடம் எச்சரிக்கையாயிருங்கள். ஒரே ஊரார் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் கூட்டமாக நின்று, விதையை நன்கு உலர்த்தித் தரம் பிரித்துச் சேர்ந்து விற்றால், தனியாக நிற்பவனுக்குக் கிடைக்காத விலை கிடைக்கக்கூடும்.

கிராம அலுவலர்கள் கவனத்துக்கு

விதைக்கிழங்குக்கு விலை ஏறும்போதெல்லாம் சிலர் காட்டுக்குள் புகுந்து தானாக வளர்ந்த காந்தளைத் தோண்டி எடுத்து வருகின்றனர். காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றி இவ்வாறு எடுத்தல் 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமாகும். குற்றமென்பது ஒருபுறமிருக்க, மலைச்சரிவிலிருந்த காந்தள் இவ்வாறு அருகி வருவது நம் பயிருக்கே நஷ்டம். நோய் தாங்கும் குணமும் புதிய வித்தும் நாளை நமக்கு வேண்டுமானால், அவற்றை அக்காட்டிலேதான் தேடவேண்டும். சாகுபடிக்காரர்கள் தம் பழந்தோட்டக் கிழங்கையே பிரித்துப் பெருக்குமாறு கிராம அலுவலர்கள் சொல்லவேண்டும். அன்றியும் இப்பயிர் உள்ள கிராமத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கூலியாட்களுக்கும் கிழங்கின் நஞ்சைக் குறித்து நடவுக்கு முன் ஒருமுறை எடுத்துச் சொல்லுதல் வேண்டும். யாரேனும் தின்றதாகத் தெரிந்தால், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல், 108 வண்டியை அழைத்து, தின்ற கிழங்கின் துண்டொன்றையும் உடன் கொடுத்தனுப்புக. மருத்துவர்க்கு அது பெரிதும் உதவும்.

நினைவில் வைக்கவேண்டியவை

1. நீர் தேங்கும் நிலத்தில் இப்பயிர் வேண்டாம்.
2. கிழங்கின் நுனியே விதை. நுனி ஒடிந்த கிழங்கை நடுவதும் வாங்குவதும் வீண்.
3. முளை தோன்றும் காலத்தில் களைக்கொட்டு அருகே செல்லலாகாது.
4. மலர் பாதி மஞ்சளும் பாதி சிவப்புமாய் இருக்கும்போது, காலை 8 மணி முதல் 11 மணிக்குள், வேறொரு கொடியின் மகரந்தத்தால் நாள்தோறும் தொடவேண்டும்.
5. காய் வெடிக்குமுன் பறித்து நிழலில் உலர்த்துக.
6. கிழங்கையும் விதையையும் வீட்டுக்குள்ளும், உணவுப் பண்டத்தின் அருகிலும், பிள்ளைகள் கைக்கெட்டும் இடத்திலும் வைக்கலாகாது.
7. முதல் வருஷம் சிறு அளவில் தொடங்கி, தன் கிழங்கைத் தானே பெருக்கி, பிறகு விரிவாக்குக.

காந்தளைப் பாடிய பழம்புலவர்கள் அதன் அரும்பை மங்கையர் விரலுக்கு ஒப்பிட்டனர். இப்பயிரில் விளைச்சலைத் தருவதும் விரலே. கிழங்கின் நுனியை ஒடியாமல் எடுத்து வைக்கும் விரலும், மலரின் முடியைக் கெடாமல் தொடும் விரலும் நிதானமுடையனவாயின் இது பொருள் தரும். அந்நிதானத்தைக் கற்றுக்கொள்ளுமுன் பெருநிலத்தில் இதனை வைத்தல் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். இதில் ஐயமுடையோர் நடவுக்கு முன் தம் வட்டார வேளாண்மை அலுவலகத்துக்கு ஒரு கிழங்கோடு வந்தால், நுனி பார்க்கும் முறையை நேரில் காட்ட எம் போன்றோர் என்றும் சித்தமாயிருக்கிறோம்.